லைன் லாரி ஓட்டிய அப்பாவின் நடைக் கணக்கு நோட்டுகள்: பழைய ஆட்கள் இருந்தால் கொஞ்சம் பேசுங்கள்

ராசிபுரத்து மகள்:

அப்பா தவறி இன்றோடு 42 நாள். 71 வயது. 1968-இல் 15 வயதுப் பையனாக ஒரு பழைய பென்ஸ் லாரியில் கிளீனராக ஏறியவர், 2013-இல்தான் கடைசியாக வண்டியை விட்டு இறங்கினார். டாடா 1210, லேலண்ட் காமெட், கடைசிப் பதினைந்து வருடம் டாரஸ். எல்லாம் அடுத்தவர் வண்டிதான், வெளிமாநிலத்துக்குப் போகிற லைன் லாரி. நடுவில் ஒருமுறை கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து ஃபைனான்ஸில் சொந்தமாக ஒன்று எடுத்தார், இரண்டே வருடத்தில் தவணை கட்ட முடியாமல் வண்டி போய்விட்டது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

எங்கள் பக்கம் லாரி புதிதில்லை. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டிகள், சங்ககிரியில் தெருவுக்குத் தெரு லாரி. என் வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ பெரியப்பாவோ யாராவது ஒருவர் வண்டியில் இருந்தார்கள். அதனால் அப்பா மாதத்துக்கு நான்கைந்து நாள்தான் வீட்டில் இருப்பார் என்பது எங்கள் மூன்று பேருக்கும் ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. இங்கிருந்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர், நாசிக், டெல்லி, கல்கத்தா என்று போவார், வரும்போது பெரும்பாலும் நாசிக் வெங்காயம். ரிட்டர்ன் லோடு அமையவில்லை என்றால் அங்கேயே வண்டிக்கு அடியில் பாய் விரித்துக்கொண்டு நான்கு நாள் கிடப்பார் என்று அம்மா சொல்லுவார்.

வந்தால் முதல் நாள் முழுக்கத் தூக்கம். இரண்டாம் நாள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எங்கள் பள்ளிக்கூடப் பைகளை எல்லாம் திண்ணைக்குக் கொண்டுவரச் சொல்லுவார். கோணி ஊசியும் தார்ப்பாய் தைக்கிற நூலும் எடுத்துப் பிய்ந்த வாரைத் தைப்பார். அவர் தைத்த இடம் மறுபடி பிரிந்ததே இல்லை, பை கிழியும், அந்தத் தையல் மட்டும் அப்படியே நிற்கும். கிளம்பும்போது நாமக்கல் ஆஞ்சநேயருக்கு ஒரு தேங்காய். 18 அடி உயரச் சாமி, மேலே கூரை கிடையாது. "வெயிலு மழையெல்லாம் தெரிஞ்ச சாமி கண்ணு" என்பார்.

போன் என்பது தெருமுனை மளிகைக் கடையில்தான். இரவு ரொம்ப நேரம் கழித்துப் பேசினால் எஸ்.டி.டி. கட்டணம் கால் பங்கு என்று இருந்த காலம், ஆனால் அந்த நேரத்துக்குக் கடை மூடிவிடும், அதனால் அப்பா முழுக் கட்டணத்தில் பகலில்தான் கூப்பிடுவார். மூன்று நிமிடம், ஆளுக்கு ஒரு நிமிடம். "கணக்குப் பரிச்ச எப்படி எழுதுன?" என்று சரியாக அன்றைக்கு நடந்த பரீட்சையைக் கேட்பார். எப்படி ஞாபகம் வைத்திருந்தார் என்று இப்போதுதான் தெரிந்தது. டிரங்குப் பெட்டியில் 31 நோட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு நடைக்கும், அதாவது லோடு ஏற்றிப் போய்வந்த ஒவ்வொரு பயணத்துக்கும், முதலாளிக்குக் கொடுத்த கணக்கின் நகல். பல நோட்டுகளின் கடைசிப் பக்கத்தில் எங்கள் பரீட்சை அட்டவணை.

இழை தொடங்கிய காரணத்துக்கு வருகிறேன். வீட்டில் இருந்த அந்த ஐந்து நாள் அப்பாவைத்தான் எங்களுக்குத் தெரியும். மீதி 25 நாள் அவர் எப்படி இருந்தார், எங்கே தூங்கினார், எதற்குப் பயந்தார், ஒன்றும் தெரியாது. கேட்டால் "ரோடுதான், வேற என்ன" என்று முடித்துவிடுவார். நோட்டில் டீசல், பேட்டா (டிரைவருக்கான படிக்காசு), பஞ்சர், கயிறு, ஏற்றுக்கூலி எல்லாம் புரிகிறது. காண்டா, முன்ஷி, ஹவா புரியவில்லை. 1991 டிசம்பரில் "ஓசூர் ஹால்ட் 6 நாள்" என்று இருக்கிறது, அது ஏன் என்றும் தெரியவில்லை. "ஹவா 10", "ஹவா 20" என்பது ஏறக்குறைய எல்லா நடையிலும் வருகிறது, அதுவும் வேறு வேறு ஊரில். அம்மாவிடம் அந்த வரியைக் காட்டினேன். அம்மா நோட்டை வாங்கி மூடி மடியில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கால லைன் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பரமத்தி அக்கா:

உங்க அப்பாவுக்கு என் வணக்கம். என் வீட்டுக்காரர் இன்னும் லைன் ஓட்டுகிறார், அதனால் உங்கள் அம்மாவின் பக்கத்திலிருந்து கொஞ்சம் எழுதுகிறேன்.

அந்த 1991 டிசம்பர் காவிரிப் பிரச்சினைதான். இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வந்த சமயம், கர்நாடகத்தில் பெரிய கலவரம். தமிழ்நாட்டு நம்பர் போட்ட வண்டி எல்லையைத் தாண்ட முடியாது. 2016 செப்டம்பரிலும் அதேதான் நடந்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் பெங்களூருக்கு இந்தப் பக்கம் இருந்தார், டி.வி.யில் வண்டி எரிகிறதைக் காட்டுகிறார்கள், நம்பர் தெரிகிறதா என்று டி.வி. பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். போனாவது இருந்தது எனக்கு. 1991-இல் உங்கள் அம்மாவுக்கு அதுவும் இல்லையே.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்ட அன்று இவர் நாக்பூருக்கு வெளியே நின்றார். தாபா எல்லாம் மூடிவிட்டார்கள். ஸ்டவ்வும் அரிசியும் புளிக்குழம்புப் பொடியும் வண்டியில் இருந்ததால் பிழைத்தார், பக்கத்து வண்டிக்காரர்களுக்கும் பொங்கிப் போட்டாராம். நம்ம ஆட்கள் எத்தனை வருடம் வடக்கே போனாலும் ரொட்டி இறங்காது, சோறுதான். ஒவ்வொரு நடைக்கும் பொடி இடித்துக் கொடுத்து அனுப்புவது நான் செய்கிற ஒரு வேலை. உங்கள் அம்மாவும் செய்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.

ஹவா என்ன என்று இவர் வண்டியில் இருப்பதால் கேட்க முடியவில்லை.

இரண்டாவது கியர்:

உங்கள் இழப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரி இழைகளில் எல்லா லாரி டிரைவரும் தியாகி ஆகிவிடுகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

என் அப்பாவும் லைன் டிரைவர்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார், வந்தால் குடி, பேட்டாவில் மிச்சம் ஒன்றும் இருக்காது. வேறு ஊரில் இன்னொரு குடும்பம் இருந்தது என்று அவர் செத்த பிறகு தெரிந்தது, துக்கத்துக்கு அவர்களும் வந்தார்கள். எங்கள் அம்மா கடைசி வரை "அவரு பொழப்பு அப்படி, தூக்கமில்லாத பொழப்பு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ரோடு கஷ்டம், முதலாளி கஷ்டம், போலீஸ் கஷ்டம் எல்லாம் உண்மைதான். ஆனால் அதே ரோட்டில் ஓடிய உங்கள் அப்பா பரீட்சை அட்டவணை எழுதி வைத்திருக்கிறாரே. அப்படியானால் அது ரோடு செய்கிற வேலை இல்லை, ஆள் செய்கிற வேலை. இதைப் படித்துவிட்டு இரவு ரொம்ப நேரம் கோபமாக இருந்தது, உங்கள் மேல் இல்லை.

ராசிபுரத்து மகள்:

இரண்டாவது கியர், நீங்கள் எழுதியது சரி. என் அப்பாவைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. தம்பி பிறந்தபோது அவர் கல்கத்தாவில் இருந்தார், பாட்டி காரியத்துக்கு ஒரு நாள் தாமதமாக வந்தார், நான் பத்தாவது படிக்கும்போது எனக்கு டைபாய்டு வந்ததே அவருக்கு நான் தேறிய பிறகுதான் தெரியும். அம்மா தனியாகத்தான் எல்லாவற்றையும் பார்த்தார்.

நீங்கள் எழுதியதால் இதுவரை வெளியில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1990களின் கடைசி, 2000களின் தொடக்கம், நாமக்கல் என்றாலே எய்ட்ஸ் என்று பேசிய காலம் ஒன்று இருந்தது, எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். சுவரெல்லாம் விளம்பரம், லாரி நிறுத்தும் இடமெல்லாம் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். அது தேவையான வேலைதான், பல உயிரைக் காப்பாற்றிய வேலை. ஆனால் கூடவே ஒரு பேச்சும் பரவியது. 2002-இல் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஜாதகம் பொருந்தியது, பெண் பிடித்தது, பிறகு "லாரிக்காரர் வீடு, யோசிக்கணும்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அப்பா அன்றைக்கு வீட்டில் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார், சாயங்காலம் வந்து ஒரு தாளை என் ஜாதகத்துக்கு உள்ளே வைத்தார். ரத்தப் பரிசோதனைத் தாள். அந்த இடம் அமையவில்லை. அடுத்து வந்த இரண்டு இடத்துக்கும் அதே தாளை ஜெராக்ஸ் எடுத்து ஜாதகத்தோடு சேர்த்துக் கொடுத்தார். எனக்கு அப்போது அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது, ஏன் இப்படி நம்மை நாமே கேவலப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று. அம்மா அந்தத் தாளைப் பார்த்தாரா, பார்த்து என்ன நினைத்தார் என்று நான் கேட்டதில்லை.

பரமத்தி அக்கா, அம்மாவிடம் கேட்டேன். புளிக்குழம்புப் பொடி, பருப்புப் பொடி, எள்ளுப் பொடி மூன்றும் இடிப்பாராம். பொடி டப்பா காலியாகத் திரும்பி வருகிறதா என்று பார்ப்பாராம்.

சேந்தமங்கலம் தம்பி:

எனக்கு 29 வயது, டேங்கர் ஓட்டுகிறேன். எங்கள் காலம் கொஞ்சம் பரவாயில்லை அக்கா. ஃபாஸ்டேக் இருப்பதால் டோலில் சில்லறை எண்ண வேண்டாம், வீடியோ காலில் பாப்பாவைப் பார்த்துவிடுகிறேன், 2025 அக்டோபரிலிருந்து தயாராகிற வண்டிக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது. ஆனால் கிளீனர் இல்லை. பெரும்பாலும் தனியாகத்தான் போகிறேன், பழைய ஆட்களுக்கு இருந்த பேச்சுத்துணை எங்களுக்கு இல்லை. ஜி.பி.எஸ். இருப்பதால் அரை மணி நேரம் வண்டியை ஓரம் கட்டினாலே ஆபீஸிலிருந்து போன் வந்துவிடும். காண்டா என்றால் எடை போடுகிற இடம், அது மட்டும் தெரியும். மற்றதைப் பெரியவர்கள் சொல்லட்டும்.

பழைய 1210:

அம்மணி, என் பேரன் இதைப் படித்துக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன்தான் அடிக்கிறான். எனக்கு 68 வயது, வேலகவுண்டம்பட்டிப் பக்கம். 1978-இலிருந்து 2012 வரை ஓட்டினேன். உங்க அப்பாவை நான் பார்த்திருப்பேன், பார்க்காமல் இருக்க முடியாது, ஆனால் ஆள் யார் என்று தெரியாது. ரோட்டில் யாருக்கும் பேர் கிடையாது, ஊர் பேரும் வண்டியும்தான். "ராசிபுரத்துக்காரரு", "அந்தப் பச்சைக் கேபின்காரரு", அவ்வளவுதான்.

உங்க அப்பா போன ரோடு பழைய ஏழாம் நம்பர் ரோடு. கன்னியாகுமரியிலிருந்து வாரணாசி வரைக்கும், நம்ம ஊர் வழியாத்தான் போகும், இப்போ 44 ஆக்கிவிட்டார்கள். டெல்லிக்கு நம்ம ஊரிலிருந்து 2,400 கிலோமீட்டர் பக்கம் வரும். நாலு வழி வருவதற்கு முன்னால் ஒற்றை ரோடு, எதிரே வண்டி வந்தால் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்க வேண்டும், யார் இறக்குவது என்பதில்தான் சண்டை. லோடோடு போக ஏழு நாள், எட்டு நாள். பவர் ஸ்டியரிங் கிடையாது, காட் ரோட்டில், அதாவது மலைப்பாதையில், ஒடித்து ஒடித்துத் தோள்பட்டை போய்விடும். என்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் இடது கால் வெந்துவிடும், ஜன்னல் பக்கம் வலது கை கருத்துவிடும். உங்க அப்பாவுக்கு வலது கை கறுப்பா இருந்ததா?

பயந்த இடம் கேட்டீர்கள். நிர்மல் தாண்டி ஆதிலாபாத் போகிற வழியில் மகபூப் காட் என்று ஒன்று, காடு, இரவில் தனியாக ஏற மாட்டோம். குவாலியர் தாண்டி மொரேனாவுக்கும் தோல்பூருக்கும் நடுவே சம்பல் பள்ளத்தாக்கு, பத்து வண்டி சேரும் வரை காத்திருந்து வரிசையாகப் போவோம். ஆனால் உண்மையைச் சொன்னால் நான் அதிகம் பயந்தது தொப்பூரில்தான். தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு இறங்குகிற கணவாய். பதினைந்து நாள் கழித்து வருகிறோம், இன்னும் 90 கிலோமீட்டரில் வீடு, அந்த நினைப்பில் டீசலும் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விடுவான், லோடு தள்ளும், பிரேக் சூடாகிப் பிடிக்காது. அங்கே போனவர்கள் பாதிப் பேர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள். இன்றைக்கும் அங்கே விபத்து நிற்கவில்லை. கியரிலேயே பொறுமையாக இறங்குகிறவன்தான் டிரைவர். உங்க அப்பா 45 வருடம் இறங்கி வீட்டுக்கு வந்திருக்கிறார் இல்லையா, அவர் எப்படி ஓட்டினார் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தூக்கம். 1961-இலேயே சட்டம் வந்தது, மோட்டார் வாகனத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். லாரியில் அதை யாரும் பார்த்ததில்லை. 16 மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். கிளீனர் பேசிக்கொண்டே வர வேண்டும், அவன் தூங்கினால் நமக்கும் தூக்கம் வரும். மாநில எல்லைக்கு எல்லை செக்போஸ்ட், ஒன்றரை நாள்கூட வரிசையில் நின்றிருக்கிறேன், அங்கேதான் தூங்குவோம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகுதான் அந்த வரிசை போனது, அதற்குள் நான் இறங்கிவிட்டேன்.

இனி உங்கள் நோட்டு. காண்டா, தம்பி சொன்னது சரி, எடை மேடை. முன்ஷி என்பது புக்கிங் ஆபீஸ் கணக்குப்பிள்ளை, அவன் கையில் ஐம்பது ரூபாய் வைத்தால் ரிட்டர்ன் லோடு ஒரு நாள் முன்னால் கிடைக்கும்.

ஹவா என்றால் இந்தியில் காற்று அம்மணி. டயருக்குப் பிடிக்கிற காற்று. வடக்கே ரோட்டோரம் ஒரு பழைய டயரை நட்டு வைத்து வெள்ளைப் பெயிண்டில் இந்தியில் ஹவா என்று எழுதியிருப்பான், எங்களுக்கு முதலில் படிக்கத் தெரிந்த இந்தி எழுத்து அதுதான். லோடு ஏற்றியதும் ஒருமுறை, காட் ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை காற்றுப் பார்க்க வேண்டும். குறைந்தால் டயர் சூடாகி வெடிக்கும். பல பேர் பார்க்கவே மாட்டார்கள், பார்த்தாலும் அந்தப் பத்து ரூபாயைச் சில்லறைச் செலவு என்று ஒரே வரியில் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் தனியாக எழுதிய ஆளை நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது கியர்:

ஐயா, தொப்பூர் பற்றி நீங்கள் சொன்னதை மூன்று முறை படித்தேன். என் அப்பாவின் கிளீனர் ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.

ராசிபுரத்து மகள்:

ஐயா, வலது கை கறுப்புத்தான். வண்டியை விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் போகவில்லை. வலது காதும் கொஞ்சம் மந்தம், அதனால் பேரன் இடது பக்கம்தான் உட்கார்ந்து கதை கேட்பான். கட்டிலில் தூங்க மாட்டார், திண்ணையில் கேபின் அகலத்துக்குக் காலை மடக்கிக்கொண்டுதான் படுப்பார். விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து தெருவில் நிற்கிற வண்டிகளின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டு போவார், என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் உட்பட. வயதான பழக்கம் என்று நினைத்தோம்.

நேற்று இரவு நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஹவா என்றால் காற்று என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "நா அத ஒரு பொம்பள பேருன்னு நெனச்சிருந்தேன்" என்றார். கல்யாணமான ஐந்தாறு வருடத்தில் ஒருமுறை அந்த வரியைப் பார்த்தாராம். நாக்பூரில் இருக்கிறது, கோலாப்பூரில் இருக்கிறது, போகிற ஊரெல்லாம் இருக்கிறது. யாரிடம் கேட்பது? அப்பாவிடம் கேட்டு ஆமாம் என்று சொல்லிவிட்டால் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குப் பிறகு நோட்டைத் தொடவே இல்லை. என் ஜாதகத்துக்குள் அந்தத் தாளை வைத்த அன்றும் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடம் பொடி இடித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

இரவெல்லாம் அம்மா தூங்கவில்லை, திண்ணையில் அப்பா படுக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். காலையில் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, டிரங்குப் பெட்டியை அவரே இழுத்துக்கொண்டு வந்து, முதல் நோட்டிலிருந்து படி என்றார். 1988 தை மாதம், ராசிபுரம் டு நாக்பூர், ஜவ்வரிசி. டீசல் போட்ட ஊர், பேட்டா, காண்டா என்று ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு போனேன். ஹவா 5 என்று வந்தது. "எந்த ஊருல?" என்று கேட்டார். நிர்மல் என்று சொன்னேன். "அந்தக் காட்டுக்கு முன்னாடி" என்றார்.

இன்று மூன்றாவது நோட்டில் இருக்கிறோம்.